தனியாகப் போகும் சரக்கு வண்டியும் நம் பொறுப்பும்

ஒரு காலத்தில் சரக்கு வண்டி என்றால் டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். பின்னால் வண்டி எடுக்கும்போது தட்டித் தட்டி ‘வா, வா’ என்று குரல் கொடுப்பது, தார்ப்பாய் கட்டுவது, டயருக்குக் கட்டை போடுவது, டிரைவர் கண் அசரும்போது பேச்சுக் கொடுப்பது எல்லாம் கிளீனர் வேலை. அந்தக் கிளீனர் எப்போது காணாமல் போனார் என்று யோசித்துப் பார்த்தால் நம்மில் பலருக்கு வருஷம் சொல்லத் தெரியாது. ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை, அதற்குள் 2005-ல் டாடா ஏஸ் வந்தது. குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்லும் அந்த வண்டியில் ஒரு டிரைவரும் ஒரு டன்னுக்குள் சரக்கும் இருந்தால் லைன் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். பெரிய லாரிகளிலும் இதே கதைதான். தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்றிருந்த விதியும் 2018-ல் எடுக்கப்பட்டுவிட்டது.

கணக்கு சரிதான். கூலி மிச்சம்தான். ஆனால் அந்த இரண்டாவது ஆள் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொண்டோமா என்பதுதான் இக்கட்டுரையில் நாம் பேச வந்தது.

நம் கடை வண்டிக்கே நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். காலையில் ரங்கே கவுடர் வீதியில் லோடு ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை லைனுக்கு வண்டி புறப்பட்டது. வழக்கமாக உடுமலையிலிருந்து பல்லடம் வழியாகத் திரும்புவார். பகல் 2 மணிக்குப் பல்லடம் கடைக்காரர் போன் செய்து, வண்டி வரவில்லையே என்றார். நாமும் ‘வந்துவிடுவார்’ என்று சொல்லி வைத்துவிட்டோம். டிரைவருக்கு இரண்டு முறை போன் அடித்தோம், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டோம். 4 மணிக்கு யாரோ ஒரு இளநீர்க் கடைக்காரர் அந்தப் போனிலிருந்தே கூப்பிட்டார். கோமங்கலம் பக்கத்தில் வண்டி ஓரமாக நிற்கிறது, டிரைவர் ஸ்டீயரிங் மீது சாய்ந்து கிடக்கிறார், 108-க்குச் சொல்லிவிட்டோம் என்றார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, “ஒண்ணுமில்லீங்க முதலாளி, நெஞ்சைப் பிசையற மாதிரி இருந்துச்சுங்க, அதான் ஓரமா நிறுத்தினேனுங்க” என்று நம்மைச் சமாதானப்படுத்தினார். வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றிருக்கிறது. அந்த நேரமெல்லாம் நாம் கல்லாவில் உட்கார்ந்து, அவர் பல்லடம் ரோட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

தனியாக வேலை செய்வதில் உள்ள ஆபத்து இதுதான். நெஞ்சு வலியோ, கால் தவறி விழுவதோ, ஜாக்கி நழுவுவதோ நான்கு பேர் இருக்கும் இடத்திலும் நடக்கும். அங்கே உடனே ஒருவர் ஓடி வருவார். தனி ஆளுக்கு ஓடி வர யாருமில்லை என்பது மட்டுமல்ல, ஓடி வர வேண்டும் என்று யாருக்கும் தெரிவதே இல்லை.

இப்போது இறக்குமதியை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு இறக்குமதியைச் சொல்லவில்லை, மூட்டை இறக்குவதைச் சொல்கிறோம். மண்டியில் ஏற்றும்போது சுமைதூக்கும் தொழிலாளர்கள் நான்கைந்து பேர் நிற்கிறார்கள். சில்லறைக் கடை வாசலில் இறக்கும்போது டிரைவர் ஒருவர்தான். அன்று 100 கிலோவாக இருந்த சர்க்கரை மூட்டை இன்று 50 கிலோ ஆகிவிட்டது, அரிசியும் 25 கிலோ சிப்பமாகப் பெருமளவு வருகிறது என்பது நல்ல மாற்றம். ஒரு ஆள் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 1967-லேயே பரிந்துரை செய்தது. ஆனால் 50 கிலோ மூட்டையை ஒருவர் ஒருமுறை தூக்குவது வேறு. பன்னிரண்டு கடையில் இறக்கி, ஒவ்வொரு கடையிலும் மூன்று படி ஏறி உள்ளே அடுக்குவது வேறு. இடுப்பு பிடித்துக்கொண்ட டிரைவர் அதோடு வண்டியையும் ஓட்டியாக வேண்டும்.

சில்லறைக் கடை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வண்டி வந்து நின்றதும், ‘அந்த மூலையில் வைத்துவிட்டுப் போங்க’ என்று சொல்லிவிட்டு நாம் தராசைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறோம். கடைப் பையன் ஒருவனை இரண்டு நிமிஷம் கூட அனுப்பினால் மூட்டை மேலிருந்து சரியாமல் இறங்கும். அரை மணி நேரம் காக்க வைத்தால் அந்த அரை மணியை டிரைவர் அடுத்த ரோட்டில் வேகமாக ஓட்டித்தான் ஈடுகட்டுவார். சரிவான தெருவில் கைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்குவதும் நடக்கிறது. இரண்டு மரக்கட்டை வண்டியிலேயே கிடக்கட்டும். பின் தட்டைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று திறக்கச் சொல்லுங்கள். சாய்ந்த மூட்டை முதலில் விழுவது அந்த இடத்தில்தான். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று கீழிருந்து பார்த்துச் சொல்ல இப்போது ஆள் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தூக்கம் இதைவிடப் பெரிய விஷயம். 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவினாசி அருகே நடந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்திலிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசு பஸ் மீது மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்று லாரி டிரைவர் சொன்னார். அவர் கண் அயர்ந்ததுதான் காரணம் என்று கேரளப் போக்குவரத்துத் துறையின் முதற்கட்ட விசாரணை சொன்னது. அப்போது மணி மூன்றரை சுமார். பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை மனித உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம். பகல் சாப்பாட்டுக்குப் பின் 2 மணிக்கு மேலும் அதேபோல் ஒரு கிறக்கம் வரும். இந்த நேரங்களில் டீ குடித்தால் சரியாகிவிடும் என்பது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கினால்தான் சரியாகும். அப்படித் தூங்கி வந்த டிரைவரை, ‘ஏன் லேட்டு?’ என்று கேட்கிற முதலாளியிடம் அவர் அடுத்த முறை தூங்க மாட்டார்.

வாளையாரை நினைத்துப் பார்க்கிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் அந்தச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. தக்காளியும் வெங்காயமும் வீணானது, நாம் திட்டாத நாளில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்ற டிரைவர் சீட்டில் படுத்துத் தூங்கினார். வரிசை போனது வியாபாரத்துக்கு நன்மைதான், சந்தேகமில்லை. மிச்சமான நேரத்தை நாம் இன்னொரு டிரிப்பாக மாற்றினோமே தவிர, டிரைவரின் தூக்கத்துக்கு என்று ஒதுக்கவில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, இடையே அரை மணி ஓய்வு என்று வகுத்திருந்தது. ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அது பொருந்தாது என்பதால் நம்மில் பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அச்சட்டம் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் நம்மைத் தொடுகிறதோ இல்லையோ, ஒரு டிரைவர் மட்டும் வைத்திருக்கும் கடையில் அந்த ஒருவருக்கும் தூக்கம் ஒன்றுதான்.

மலைப் பாதைக்கு வண்டி அனுப்புகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14. திம்பம் பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது, பிறகு சில தளர்வுகளும் வந்தன. எந்த வண்டிக்கு எந்த நேரம் அனுமதி என்று புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அனுப்பினால் டிரைவர் பண்ணாரியில் விடிய விடியக் காத்திருந்து, தூங்காத கண்ணோடு மலை ஏறுவார். காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரியை யானை நிறுத்திக் கரும்பு எடுப்பதைப் படமாகப் பார்த்து நாம் சிரிக்கிறோம். தனியாக வந்த டிரைவர் கயிறு தளர்ந்ததா என்று பார்க்க அங்கே கீழே இறங்கினால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. காட்டுக்குள் பல இடங்களில் போன் சிக்னலும் கிடைக்காது. காய்கறிக்காகத் தாளவாடி போகிற வண்டிகளாவது இரண்டு மூன்றாகச் சேர்ந்து போக ஏற்பாடு செய்யலாம். ஒரே மார்க்கெட்டுக்கு வருகிற வியாபாரிகள் பேசிக்கொண்டால் முடியாத காரியமல்ல.

அடுத்தது வசூல் பணம். லைன் டிரைவரே வசூலும் செய்கிறார். யு.பி.ஐ. வந்த பிறகு ரொக்கம் குறைந்தது உண்மை, ஆனால் கிராமத்துக் கடைகளில் பழைய பாக்கி இன்னும் நோட்டாகத்தான் வருகிறது. சாயங்காலம் வண்டி திரும்பும்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் பை இருக்கிறது என்பது அந்த ரோட்டில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லி வைத்திருக்கும் கடைகள் உண்டு. அப்படிச் சொன்னால், கத்தி காட்டி எவனாவது பையைக் கேட்கும்போது டிரைவர் கொடுக்காமல் மல்லுக்கு நிற்பார். நம் கடையில் இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம்: கேட்டால் கொடுத்துவிடுங்கள், சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்க மாட்டோம். வழியில் எடுத்துச் செல்லும் பணத்துக்கும் கடைக்காரர் காப்பீட்டுப் பாலிசியில் தனிப் பிரிவு சேர்க்க முடியும். பாதி லைனில் நம் வங்கிக் கிளை இருந்தால் அங்கேயே கட்டிவிடச் சொல்லலாம். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆதாரமில்லாமல் வைத்திருந்தால் பறக்கும் படை பிடித்துக்கொள்வதும், டிரைவர் தனியாக அவர்களிடம் விளக்கம் சொல்லித் திணறுவதும் நமக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் பில் புத்தகமும் நம் கடிதமும் கையில் இருக்கட்டும்.

போன் விஷயத்தில் குற்றம் நம்முடையது. ‘எங்கே வர்றீங்க, எங்கே வர்றீங்க’ என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறோம். அவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறார். இப்படிக் கூப்பிட்டும், நெஞ்சு வலி வந்த அன்று அவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியவில்லை. ஆகவே இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். கல்லாவில் ஒரு வண்டி நோட்டு. காலையில் கடைகளின் வரிசையும் போகும் ரோடும் எழுதப்படும். வழி மாறினால் மாறும் முன் சொல்ல வேண்டும். நாம் கூப்பிடுவதில்லை, மூன்று குறிப்பிட்ட கடைகளில் சரக்கு இறக்கி முடித்ததும் நின்ற வண்டியிலிருந்து அவர் கூப்பிடுவார். குறித்த நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் போன் வராவிட்டால் நாம் ஒருமுறை கூப்பிடுவோம். எடுக்காவிட்டால் கடைசியாக இறக்கிய கடைக்கும் அடுத்த கடைக்கும் போன் போகும். அடுத்த கால் மணியில் பக்கத்தில் இருப்பவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்த ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். இதற்குச் செலவு என்று எதுவும் இல்லை. நோட்டை எழுதுவது யார், பார்ப்பது யார் என்று ஒருவர் பெயரைக் குறித்துவிட வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் மூன்றாம் நாள் நோட்டு மிளகாய் மூட்டைக்கு அடியில் கிடக்கும். நம் கடையில் முதல் மாதம் அப்படித்தான் ஆனது.

காப்பீட்டை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். வேலை நேரத்தில் டிரைவருக்கு நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ளது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வருகிறது. ஒரே ஒரு டிரைவர் வைத்திருந்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு. வண்டிப் பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்பு என்ற வரி இருக்கிறதா, இறக்குவதற்குக் கூட ஆள் அனுப்பினால் அவருக்கும் இருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேளுங்கள். நம்மில் பலர் நாமே வண்டி ஓட்டுகிறோம். அப்படிப்பட்ட உரிமையாளர்–ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று 2018-ல் உயர்த்தப்பட்டது. பிரீமியம் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகளும் 17,884 மரணங்களும் பதிவாயின. விபத்து நடந்த இடத்தில் தனி டிரைவருக்கு முதல் பயம் கூட்டம் அடிக்குமே என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. கூட்டத்தின் கோபத்தால் அது முடியாத நிலை என்றால் அதையும் அந்தப் பிரிவே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். இதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அவர் ஓடிப்போய்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்துகொள்வார், வழக்கு இரட்டிப்பாகும். அடிபட்டது டிரைவராக இருந்தால், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

வண்டிக்குள் கண்ணில் படும் இடத்தில் ஓர் அட்டை ஒட்டி வையுங்கள். டிரைவர் பெயர், இரத்த வகை, சர்க்கரை, பிரஷர் உண்டா, சாப்பிடும் மாத்திரை, வீட்டு நம்பர், கடை நம்பர், கீழே 108, 112, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. அவருடைய போன் பூட்டியிருந்தால் இளநீர்க் கடைக்காரர் யாரைக் கூப்பிடுவார்? நமக்கு நேர்ந்த அன்று போனுக்குப் பூட்டு இல்லாதது அதிர்ஷ்டம். கடை நம்பர் என்று எழுதும்போது எட்டு மணிக்கு ஷட்டர் இறக்கியதும் அடித்துக்கொண்டே கிடக்கும் லேண்ட்லைனை எழுதாதீர்கள். ராத்திரியிலும் எடுக்கிற நம்பராக எழுதுங்கள்.