படைத் தளபதி, பிறகு பேராசிரியர்

கேள்வி: இஸ்ரேல் ராணுவத் தளபதி ஒருவர் தொல்லியல் பேராசிரியர் ஆனாராமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். யிகேல் யாதீன். 1917-இல் ஜெருசலேமில் பிறந்தார். 1949-இல் தலைமைத் தளபதி; பட்ஜெட் வெட்டு விஷயத்தில் பிரதமர் பென்குரியனோடு ஒத்துப்போகாமல் 1952-இல் விலகி, படிப்புக்குத் திரும்பினார்.

அப்பா சுகேனிக்கும் தொல்லியலாளர். சாக்கடல் ஓரக் குகையில் முதலில் கிடைத்த ஏழு பழங்கால யூதச் சுருள்களில் (சாக்கடல் சுருள்கள்) மூன்றை வாங்கியவர். மற்ற நான்கும் கைநழுவிய ஏக்கத்தோடு 1953-இல் மறைந்தார். மறு ஆண்டு மகன் அமெரிக்காவில் இருந்தபோது, 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வரிவிளம்பரத்தில் அதே நான்கு சுருள்கள் விற்பனைக்கு வந்தன! வாங்குவது இஸ்ரேல் என்று தெரிந்தால் பேரம் முறியலாம். எனவே இடைத்தரகரை முன்னிறுத்தி, 2,50,000 டாலருக்கு முடித்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

பிறகு ஹீப்ரு பல்கலைக்கழகப் பேராசிரியர். ஹாட்சோர் என்ற பண்டைய நகரில் அகழாய்வு; ரோமானியரை எதிர்த்த யூதக் கிளர்ச்சித் தலைவர் பார் கோக்பாவின் கடிதங்களைக் கண்டெடுத்தது. பெரும்புகழ் தந்தது, யூதக் கிளர்ச்சியாளர்கள் ரோமானியரை எதிர்த்து நின்ற மசாதா கோட்டையில் நடத்திய அகழாய்வு (1963-65). அங்கே பெயர் எழுதிய 11 பானை ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன; ஒன்றில் கிளர்ச்சியாளர்களின் தலைவர் பெயரான 'பென் யாயிர்'. ரோமானியரிடம் சிக்காமல் எல்லோரும் மடிய, மற்றவர்களைக் கொல்லும் கடைசிப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கிய சீட்டுகளாக இவை இருக்கலாம் என்றார் யாதீன். அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியது பத்துப் பேர், கிடைத்ததோ 11! தேசப் பெருமைக்காகச் சான்றுகளை வளைத்தார் என்று பின்னாளில் விமர்சனம் எழுந்தது. என் கணக்கில் அதில் பாதியாவது நியாயம்.

அரசியலும் பார்த்தார். துணைப் பிரதமரானார், சோபிக்கவில்லை. 1984-இல் காலமானார்.