ஃபைலோடு கிளம்பும் பிள்ளைகளுக்கு

அம்பத்தூரில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 28 வருஷம் பர்சனல் பிரிவில் இருந்தேன். பிற்பாடு அதற்கு ஹெச்.ஆர். என்று பெயர் மாறியது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். அதற்கு முன் இந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன். 1987-இல் விருதுநகரில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு நாலு வருஷம் நிரந்தர வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவள் நான். ஓய்வு பெற்று இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். ஜூன் பிறந்தால் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையாவது பிளாஸ்டிக் ஃபைலோடு வாசலில் வந்து நிற்கும். "அத்தை, ரெஸ்யூமைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வெறுமனே காத்திருக்காதீர்கள்.

டிகிரி வாங்கியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். பிறகு தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்தேன். தினமும் பதினொரு மணிக்கு அப்பா திண்ணைக்கு வந்துவிடுவார். மூன்று வருஷத்தில் ஒரு கடிதமும் வரவில்லை. அந்த மூன்று வருஷத்தில் நான் இழந்தது சம்பளத்தை மட்டுமில்லை. நாலு பேர் முன்னால் பேசும் குரலே போய்விட்டது.

1990-இல் பக்கத்திலிருந்த தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கூலிக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். மாதம் 300 ரூபாய். பட்டதாரிப் பெண்ணுக்கு இது கௌரவக் குறைச்சல் என்று உறவில் பேசினார்கள். நான் போனேன். குச்சி அடுக்குகிறவர்களுக்கும் பெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் உருப்படிக் கணக்கில் கூலி. வாரக் கடைசியில் ஒரு ரூபாய் பிசகினாலும் ஒரு வீட்டு அடுப்பில் தெரியும். அடுத்த வருஷம் சென்னையில் நடந்த இன்டர்வியூவில் என் மதிப்பெண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அந்தக் கூலிப் பதிவேட்டைப் பற்றித்தான் இருபது நிமிஷம் கேட்டார்கள். எனக்கு வேலை கிடைத்தது அதனால்தான்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பெரிய கம்பெனியின் அழைப்பு வரும்வரை கையில் ஏதாவது ஒரு நிஜ வேலை இருக்கட்டும். மாமா கடையின் ஜி.எஸ்.டி. கணக்காக இருக்கலாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம். யாரோ ஒருவர் உங்களை நம்பி ஒன்றை ஒப்படைத்திருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

2. ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு வரியும் மூன்று கேள்வியைத் தாங்க வேண்டும்.

முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்வார்கள், மனப்பாடம் செய்திருப்பார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். செய்தவர்களுக்கு மட்டும்தான் மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியும். "இந்த சென்சாரை ஏன் எடுத்தீர்கள்? விலை என்ன? முதல் தடவை ஏன் வேலை செய்யவில்லை?" ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய இறுதியாண்டு ப்ராஜெக்ட் இந்த இடத்தில் கலைந்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு எப்போதுமே கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவர்கள் மோசக்காரர்கள் இல்லை. எல்லாரும் வாங்குகிறார்கள் என்று அவர்களும் வாங்கியிருப்பார்கள்.

ஏற்கெனவே அப்படி நடந்துவிட்டதென்றால், இப்போது ஒரு மாதம் ஒதுக்கி அதே ப்ராஜெக்டைப் பிரித்துப் போட்டு உங்கள் கையால் மறுபடி செய்யுங்கள். பிறகு கண்ணாடி முன் நின்று, தமிழிலும் ஆங்கிலத்திலும், தினமும் அதை விளக்கிச் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை விட இது அதிகம் உதவியதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது வார்த்தை தேடிக்கொண்டு வரும்.

இல்லாத அனுபவத்தை எழுதவே எழுதாதீர்கள். போலி அனுபவச் சான்றிதழ் தருகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இன்றைக்கு பி.எஃப். கணக்கிலேயே எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகிறது. சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கான கடிதங்களை நானே டைப் செய்திருக்கிறேன்.

3. அரசுத் தேர்வு எழுதுங்கள், ஆனால் அதற்கு ஒரு கெடு வையுங்கள்.

2024-இல் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள், அப்படியும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. உங்களைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. என் தம்பி மகள் அப்படி எழுதித்தான் இன்று தாலுகா அலுவலகத்தில் இருக்கிறாள். ஆனால் அவள் காலையில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டு மாலையில் படித்தாள். இரண்டு முறை என்று முதலிலேயே வீட்டில் சொல்லிவைத்தாள். கெடு இல்லாமல் படிக்கப் போனவர்கள் முப்பது வயதில் பயிற்சி மையத்து வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கிவையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலையக் கூடாது.

4. அப்ரென்டிஸ் என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பட்டதாரிகளுக்கும் ஒரு வருஷப் பயிற்சி உண்டு. 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். நெய்வேலி என்.எல்.சி.யும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் பட்டதாரிகளை இப்படி எடுக்கின்றன. இந்தப் பயிற்சிக்கான தென்மாநில வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில். முடித்ததும் அங்கேயே வேலை என்று உறுதி கிடையாது. ஆனால் இன்டர்வியூவில் சொல்வதற்கு ஒரு வருஷம் இருக்கும்.

5. சி.டி.சி.யைச் சம்பளம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. வருஷத்துக்கு 3,60,000 என்று போட்டிருப்பார்கள். மாதம் 30,000 என்று அம்மா கணக்குப் போடுவார். அதில் 30,000 ரூபாய் 'வேரியபிள்' என்றால் வருஷக் கடைசியில் வந்தால் உண்டு. மீதி மாதம் 27,500. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு 700-க்குச் சற்று மேல், காப்பீட்டுக்குக் கொஞ்சம், இவையெல்லாம் அந்த 27,500-க்குள்ளேதான். பிறகு உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். கைக்கு வருவது சுமார் 23,000தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரியும் உண்டு. வேளச்சேரியிலோ சோழிங்கநல்லூரிலோ பி.ஜி. வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும் என்று ஊரிலேயே கணக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். பி.எஃப். உங்கள் பணம். வேலை மாறும்போது எடுத்துச் செலவழிக்காமல் அடுத்த கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

6. கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

இத்தனை வருஷம் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்ட் சும்மா மிரட்டுவதற்குத்தான், கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். அது எப்போதும் உண்மை இல்லை. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒரு இரவு தள்ளிப்போட்டுக் கையெழுத்திடுங்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். ஒப்படைக்கக் கூடாது. அவற்றை அடகு போல வைத்துக்கொண்டு பிள்ளைகளை அலைக்கழித்த நிறுவனங்கள் எனக்குத் தெரியும். கோபம் இன்னும் அடங்கவில்லை.

7. வேலைக்குப் பணம் கேட்டால் அது வேலை இல்லை. செக்யூரிட்டி டெபாசிட், ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப் கட்டணம் எதுவானாலும் சரி. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு இணைய மோசடி வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். வெளிநாட்டு ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

8. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. "தங்க இடம் சரியில்லை" என்ற ஒரே காரணத்தால் கைநழுவிப்போன வேலைகள் நிறைய. தாம்பரம், திருச்சி, வேலூர், திருநெல்வேலி போன்ற இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. ஆஃபர் வருவதற்கு முன்பே அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நேரில் பார்த்த அம்மா உங்கள் பக்கம் நின்று பேசுவார்.

9. வீட்டில் மறைக்காதீர்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன். ஆஃபர் லெட்டர் வந்தது, சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனது, கடைசியில் இல்லை என்றுவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. சென்னையில் ஐந்து மாதம் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தான். நண்பர்களிடம் கடன் வாங்கி அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பினான். கல்விக் கடன் தவணை தொடங்கி, வங்கிக் கடிதம் ஊருக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரவு பஸ்ஸில் வந்தவன் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அவன் அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறவர். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு மகனையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். வேலை கிடைக்காத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கேட்க இடமிருக்கிறது என்று மேலாளர் சொன்னார். ஐந்து மாதமாக அந்தப் பையனுக்கு அது தெரியாது. விண்ணப்பத்தை அங்கேயே நின்று எழுதினான், அப்பா கீழே கையெழுத்துப் போட்டார்.