சொத்தைப் பல்: வலி வரும்வரை காத்திருக்கலாமா?



நம் அறக்கட்டளைக்குப் பல் சிகிச்சை உதவி கேட்டு வரும் மனுக்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கின்றன: வேர் சிகிச்சை, அதன் மேல் உறை. குழி சிறிதாக இருந்தபோதே அடைத்திருந்தால் அதில் ஒரு சிறு பங்குச் செலவில் முடிந்திருக்கும். மிச்சப் பணம் இன்னொரு குடும்பத்துக்கு உதவியிருக்கும்.

பூச்சி அரித்துவிட்டது என்கிறோம். உண்மையில் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை தடவை என்பதையே பார்க்க வேண்டும். சாப்பாட்டோடு ஒரு துண்டு அல்வா தின்பவரைவிட, கடையில் உட்கார்ந்து நாளெல்லாம் சர்க்கரை டீ குடிப்பவரின் பல்லுக்கே ஆபத்து அதிகம்.

மிஸ்வாக் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மிகவும் வலியுறுத்திய சுன்னத் அது, விடாமல் பேணுவோம். ஆனால் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளுக்குக் குச்சி எட்டுவது கடினம். பற்பசையிலுள்ள அளவு ஃப்ளூரைடும் அதில் இல்லை. எனவே காலையும் இரவும் ஃப்ளூரைடு பற்பசை, தொழுகை வேளைகளில் மிஸ்வாக். துலக்கிய உடனே நன்றாகக் கொப்பளித்தால் ஃப்ளூரைடு கழுவப்பட்டுவிடும். நுரையைத் துப்பினால் போதும். உறங்குமுன் உளூ செய்பவர்கள் முதலில் உளூவை முடித்துக்கொண்டு, பிறகு பல் துலக்கட்டும். நோன்பு காலத்தில் ஸஹர் முடித்ததும், பஜ்ரு பாங்குக்கு முன்பாகவே துலக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பிள்ளைகள் விஷயம் தனி. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சீக்கிரமே சொத்தையாகும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு பற்பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் எதுவும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து, விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்; போனால் போனதுதான். அதன் மேடுபள்ளங்களை மருத்துவர் 'சீலன்ட்' பூசி மூடிவிடலாம்.

பெரியவர்கள் ஏமாறுவது வேறோர் இடத்தில். சில நாள் துடித்த பல் தானாக அடங்கினால் குணமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்திருக்கும். கிருமி வேருக்கு இறங்கிச் சீழ் கட்டும். கிராம்புத் தைலமும் வலி மாத்திரையும் இதை மறைக்குமே தவிர, தீர்க்காது. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் சிரமப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரமளானாக இருந்தாலும் பெருநாள் வரை தள்ளிப்போடக் கூடாது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நோன்பைப் பற்றிய விவரத்தை மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாய் வறண்டு சொத்தை விரைவாகப் பரவும். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டிக்கொள்வது நல்லது. சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நம் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறு குழி அடைப்பதற்கும் மனுச் செய்யலாம்.