பழைய ஃபோர்க்லிஃப்ட்டுக்கு இன்ஜின் ஸ்பேர் தேடுகிறீர்களா?

வருடக்கணக்கில் கிடங்கில் பாரம் தூக்கிய ஃபோர்க்லிஃப்ட்டை, "ஸ்பேர் கிடைக்கலை" என்ற ஒரே காரணத்துக்காகக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்பதில்லை. கம்பெனி அந்த மாடலை நிறுத்தியிருந்தாலும், அதே இன்ஜின் வேறு வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

1. கடையில் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். இன்ஜினின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஃபோர்க்லிஃப்ட் கம்பெனிகள் பலவும் இன்ஜினை வெளியில் வாங்கித்தான் பொருத்துகின்றன. இசுசு சி240, நிசான் கே21, கே25 எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டு வண்டிகளில் உண்டு. சீட் பக்கத்தில் உள்ள தகடு வண்டிக்கானது. அதை மட்டும் வைத்துத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

2. இன்ஜின் நம்பர் பிளாக்கிலேயே அடிக்கப்பட்டிருக்கும். கிரீஸும் தூசியும் படிந்து கண்ணுக்குத் தெரியாது. டீசலில் நனைத்த துணியால் துடைத்து, கம்பி பிரஷ் போட்டு, காய்ந்ததும் சாக்பீஸைத் தேய்த்துத் துணியால் லேசாக வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக எழும். உடனே போனில் படம் எடுங்கள், ஓர் எழுத்துகூட விடுபடக் கூடாது. உதாரணமாக, பெர்கின்ஸ் 4.236 என்றால் 4 சிலிண்டர், 236 கன அங்குலம். அதன் நம்பர் பெரும்பாலும் 'எல்டி' என்று தொடங்கும். அடுத்து வருவது பில்ட் லிஸ்ட் எண். ஒரே இன்ஜினில் வண்டிக்கு வண்டி மாறும் வாட்டர் பம்ப், மேனிஃபோல்டு போன்றவற்றைச் சரியாக எடுக்க அந்த எண் கட்டாயம் வேண்டும்.

3. சென்னை செம்பியத்தில் உள்ள சிம்சன், பெர்கின்ஸ் வழிவந்த டீசல் இன்ஜின்களைச் செய்த நிறுவனம். இங்கே ஓடும் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களிலும் சிம்சன் இன்ஜின்கள் உண்டு. உங்கள் வண்டியிலும் அதுதான் என்றால், முதலில் டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போங்கள். பிஸ்டன், ரிங், லைனர், வால்வு போன்ற உள்சாமான்கள் அங்கேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். சம்ப், ஃப்ளைவீல் ஹவுசிங் மட்டும் பெரும்பாலும் ஒத்துவராது. டிராக்டரில் இன்ஜினே சட்டத்தின் பாரத்தைத் தாங்குவதால் சம்ப் கனமான வார்ப்பிரும்பில் இருக்கும்.

4. ஃபேனில் கவனம் தேவை. ஃபோர்க்லிஃப்ட்டில் ரேடியேட்டர் பின்பக்கம் இருக்கும். பெரும்பாலும் ஃபேன் காற்றை வெளியே தள்ளும். டிராக்டர் ஃபேன் உள்ளே இழுக்கும். மாற்றிப் போட்டால் இன்ஜின் சூடேறி, புதிதாகப் போட்ட ஹெட் கேஸ்கெட்டும் போய்விடும்.

5. கிராங்க்கை லேத் பட்டறையில் அளக்காமல் பேரிங் வாங்காதீர்கள். முன்பே கிரைண்டிங் செய்திருந்தால் 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று சைஸ் மாறியிருக்கும். பழைய பேரிங்கின் முதுகிலும் சைஸ் அடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

6. ஆயில் சீல், பால் பேரிங், பெல்ட் ஆகியவற்றுக்கு கம்பெனி ஸ்பேர் தேவையில்லை. சீலில் 35×52×7 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். 6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ.; கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் வந்துவிடும் (04-லிருந்துதான் இந்தக் கணக்கு). நல்ல பேரிங் கடையில் நம்பரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள்.

7. டீசல் பம்ப்புக்குத் தனித் தகடு, தனி நம்பர். பம்ப் சர்வீஸ் கடையில் காட்டுங்கள்.

8. பழைய ஹெட் வாங்க சென்னை புதுப்பேட்டை போகிறவர்கள், விரிசல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் பேசிவிட்டுப் பணம் கொடுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே ஓடும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பிவிடும். பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே பொருத்துங்கள்.

9. கழற்றிய சாமான் எதையும், கிழிந்த கேஸ்கெட் உட்பட, வண்டி ஸ்டார்ட் ஆகிப் பாரம் தூக்கி ஓடும்வரை தூக்கிப் போடாதீர்கள். கடைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய், ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.