ஒருமுறை வடித்த மடல்

நுழையும்முன்

கடிதத்திற்கு அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, முடிப்பு எனப் பல உறுப்புகள் உண்டு. அவற்றுள் சில, மடலுக்கு மடல் மாறுவதில்லை. மாறாதவற்றைக் கணினியிடம் ஒப்படைத்து, மாறுவனவற்றில் கருத்தைச் செலுத்தும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

மாறுவதும் மாறாததும்

மாணவர் விடுதியின் காப்பாளர் ஒருவர், தங்கியிருப்போரின் எண்ணிக்கையை நாள்தோறும் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சலில் தெரிவிப்பதாகக் கொள்வோம். முகவரியும் பொருளும் வணக்கமும் என்றும் ஒன்றே. தேதியும் எண்ணிக்கையுமே மாறுகின்றன. அனைத்தையும் நாள்தோறும் புதிதாகத் தட்டச்சு செய்தால், முகவரியில் ஓரெழுத்து பிறழ்ந்தாலும் மடல் உரியவரைச் சேராது.

முகவரிக்குள் ஒரு மடல்

இதற்குத் துணைசெய்வது ‘மெயில்டூ’ என்னும் இணைய முகவரி வகை. 1994இல் வரையறுக்கப்பட்ட இம்முறையில், பொருளையும் செய்தியையும் முன்கூட்டியே நிரப்பும் வசதி 1998இல் விரிவாக வகுக்கப்பட்டது. 2010இல் அது மேலும் திருத்தப்பட்டது.

இதன் அமைப்பு எளிது. மெயில்டூ என்னும் சொல்லையடுத்து முக்காற்புள்ளியும் பெறுநர் முகவரியும் வரும். பின்னர் வினாக்குறி இட்டு, ‘சப்ஜெக்ட்’ என்பதற்குச் சமமாகப் பொருளையும், ‘பாடி’ என்பதற்குச் சமமாகச் செய்தியையும் எழுதவேண்டும். இவ்விரண்டையும் ஆம்பர்சேண்டு குறி இணைக்கும். சொற்களுக்கு இடையிலான வெற்றிடத்தை %20 என எழுதுவர்.

இம்முகவரியைத் திறக்கும் கட்டளை, விண்டோஸில் ‘ஸ்டார்ட்’, மேக் கணினியில் ‘ஓபன்’, லினக்ஸில் ‘எக்ஸ்டிஜி-ஓபன்’. கட்டளை வரியில் இட்டவுடன், நிரப்பப்பட்ட மடல் திரையில் தோன்றும்.

மேற்கோள் குறியின் பணி

லினக்ஸ் கட்டளை வரியில் ஆம்பர்சேண்டுக்குத் தனிப்பொருள் உண்டு. தனக்கு முன்னுள்ள கட்டளையைப் பின்னணியில் இயக்குமாறு அது பணிக்கும். எனவே மேற்கோள் குறி இல்லையெனில் முகவரி பாதியிலேயே முறிந்து, மடலில் செய்தி இராது.

நீண்ட கட்டளைக்கு ‘ஏலியாஸ்’ வழியாகச் சிறுபெயர் சூட்டலாம். அதனுள் அன்றைய தேதியைத் தரும் கட்டளையையும் சேர்க்கலாம். அப்போது புறத்தே ஒற்றை மேற்கோளும் அகத்தே இரட்டை மேற்கோளும் அமையவேண்டும். புறத்தே இரட்டை மேற்கோள் இட்டால், பெயர் சூட்டிய வேளையின் தேதியே உறைந்துவிடும். மறுநாள் மடலும் பழைய தேதியையே தாங்கும்.

தெரியுமா?

யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் கொண்டது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 இடங்கள் பெறும். ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என 5 குறியீடுகளால் ஆன ‘நன்றி’ என்னும் சொல், முகவரியில் 45 இடங்களை நிரப்பும்!

அனுப்புவது யார்?

இம்முறை மடலை வரைவாகத் திறக்குமேயன்றித் தானே அனுப்பாது. அனுப்பப்படும் முழுமடலையும் பயனர் கண்டு இசையவேண்டும் என்பது இவ்வரையறை வலியுறுத்தும் பாதுகாப்பு நெறி. பிறர் தரும் இணைப்பிலும் நாம் எண்ணாத பெறுநரோ செய்தியோ இருக்கலாம் என்பதே காரணம். நேற்றைய எண்ணிக்கை இன்றைய மடலில் தங்கிவிட்டால் அதைக் கணினி அறியாது, காப்பாளரே அறிவார். தட்டச்சு செய்யும் உழைப்பைக் கருவி ஏற்கும். படித்துப் பார்த்து அனுப்பும் பொறுப்பு மனிதருடையதே.

கற்பவை கற்றபின்

1. விடுப்பு விண்ணப்பம் ஒன்றில் மாறும் பகுதிகளையும் மாறாப் பகுதிகளையும் பட்டியலிடுக.
2. ‘அன்பு’ என்னும் சொல் மெயில்டூ முகவரியில் எத்தனை இடங்களைப் பெறும் எனக் கணக்கிடுக.