உறைந்த ஏரியில் நடக்கலாமா?

2021 சனவரி 14. நமக்குப் பொங்கல் திருநாள். மதுரையில் சனவரி மாத விடியற்காலை எவ்வளவு குளிர்ந்தாலும் வெப்பநிலை சாதாரணமாக 20° செ. அளவிலேயே நின்றுவிடுகிறது. அதே பொங்கலன்று, நமக்குச் சுமார் 2,700 கி.மீ. வடக்கே உள்ள ஸ்ரீநகரில் வெப்பநிலை −8.4° செ. வரை இறங்கியது. முப்பது ஆண்டுகளில் அங்கு அவ்வளவு குளிர் வந்ததில்லை. அந்நகரின் புகழ்பெற்ற நன்னீர் ஏரியான தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்தது. மக்கள் அதன்மீது இறங்கி நடக்கத் தொடங்கினர். நடக்க வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

பார்வைக்குச் சிமெண்டுத் தரை போல் இருக்கும் பனிக்கட்டியின்மீது ஏன் நடக்கக்கூடாது? இதற்கு விடை காண நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே போதும்.

மேலிருந்து கீழாக

நீர் மற்றப் பொருள்களைப் போன்றதன்று. குளிரக் குளிர அதன் அடர்த்தி கூடுகிறது. ஆனால் 4° செ. வரையில்தான். அதற்குக் கீழே குளிர்ந்தால் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் ஏரியின் மேல்நீர் முதலில் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. அடியிலுள்ள நீர் மேலே வருகிறது. இவ்வாறு ஏரி முழுவதும் 4° செ. நிலையை அடைந்த பிறகு இந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. இனி மேல்நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் மேலேயே தங்கி, 0° செ.-இல் உறைகிறது. தால் ஏரியின் மிக ஆழமான பகுதியே சுமார் 6 மீட்டர்தான். ஆகவே அது விரைவில் குளிர்ந்து உறைய முடிகிறது. நம் வண்டியூர்க் கண்மாயும் ஆழம் குறைந்ததே. ஆனால் அதைக் குளிர்விக்கும் அளவுக்கு நம் காற்று குளிர்வதில்லை!

போர்வை போர்த்திய ஏரி

மேலே பனிக்கட்டி ஏடு உருவானதும் புதிய நிகழ்ச்சி ஒன்று தொடங்குகிறது. அடியிலுள்ள நீர் மேலும் உறைய வேண்டுமானால் தன் உள்ளுறை வெப்பத்தை, அதாவது ஒரு கிராமுக்கு சுமார் 80 கலோரியை, வெளியேற்ற வேண்டும். அந்த வெப்பம் பனிக்கட்டியின் ஊடாகவே மேலே செல்ல வேண்டும். பனிக்கட்டியோ வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. அது ஏரிக்குப் போர்த்திய போர்வை போன்றது. போர்வை தடிக்கத் தடிக்க வெப்பம் மெதுவாகவே வெளியேறும். பனிக்கட்டி வளரும் வேகமும் குறையும்.

கதிர்வீச்சு விதியால் நாம் அறிந்த ஆஸ்திரிய அறிஞர் ஜோசப் ஸ்டெஃபான், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கணக்கிட்டார். குளிர் மாறாதிருந்தால், பனிக்கட்டியின் கனம் காலத்தின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கனம் இரு மடங்காக வேண்டுமானால் காலம் நான்கு மடங்காக வேண்டும்.

இப்போது ஸ்ரீநகரின் ஓர் இரவைக் கணக்கிடுவோம். 0° செ.-இல் உள்ள நீரின்மேல் −6° செ. குளிர் 8 மணி நேரம் நீடிப்பதாகக் கொள்வோம். கணக்கின்படி கிடைக்கும் கனம் சுமார் 5 செ.மீ. இது மேல் எல்லை. அடியிலிருந்து ஏறிவரும் வெப்பம் பனிக்கட்டியின் மேற்பரப்பைக் காற்றின் அளவுக்குக் குளிரவிடுவதில்லை. எனவே உண்மையான கனம் இதனினும் குறைவாகவே இருக்கும். பொழுது விடிந்ததும் வெயில் வருகிறது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ என்ற கடுங்குளிர்க் காலத்திலும், ஸ்ரீநகரில் பகல் வெப்பநிலை பல நாட்களில் 0° செ.-க்கு மேல் ஏறிவிடுகிறது. இரவில் சேர்த்ததைப் பகல் கரைக்கிறது.

எவ்வளவு கனம் வேண்டும்?

தெளிந்த, உறுதியான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. இருந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்பது குளிர்நாடுகளில் பரவலாகக் கூறப்படும் விதி. பனிக்கட்டி தாங்கும் எடை, கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் தாங்கும் எடை கால் பங்காகிவிடும்.

மேலே கூறிய இரு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். கனத்தின் வர்க்கம் காலத்துக்கு நேர்விகிதம். தாங்கும் எடை கனத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஆகவே தாங்கும் எடை, குளிர் நீடித்த காலத்துக்கு நேர்விகிதம்! ஓர் இரவின் கடுங்குளிரை நம்ப முடியாது. பல நாட்கள் இரவும் பகலும் விடாமல் நீடித்த குளிரே பனிக்கட்டியை உறுதியாக்கும்.

நிறமும் ஒரு சான்று. சர்பத் கடையில் உடைக்கும் ஐஸ் பாரைக் கவனித்திருப்பீர்கள். அதன் ஓரம் கண்ணாடி போலவும், நடுப்பகுதி வெண்மையாகவும் இருக்கும். வெண்மைக்குக் காரணம் உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள். ஏரியிலும், வெண்பனி நனைந்து உறைந்த வெண்ணிறப் பனிக்கட்டி, தெளிந்த பனிக்கட்டியில் ஏறத்தாழப் பாதி உறுதியே உடையது.

இன்னொன்றும் உண்டு. ஏரி முழுவதும் ஒரே கனத்தில் உறைவதில்லை. தால் ஏரியின் அடியில் நீரூற்றுகள் உள்ளன. ஊற்று சுரக்கும் இடத்திலும், ஓடை வந்து சேரும் இடத்திலும், செடிகள் மண்டிய இடத்திலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். பத்து அடி பத்திரமாக நடந்தது பதினோராவது அடிக்கு உத்தரவாதமாகாது.

விழுந்துவிட்டால்

காஷ்மீருக்குச் சுற்றுலா செல்வோரும், கனடா போன்ற நாடுகளுக்குக் குடியேறுவோரும் நம்மிடையே பலர். ஆகவே இதை அறிந்திருப்பது நல்லது.

உறைநீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்து ஏறத்தாழப் பத்து நிமிடங்களே கை கால்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள், வந்த வழிப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். அவ்வழிதான் சற்றுமுன் நம்மைத் தாங்கியது. கைகளைப் பனிக்கட்டியின்மேல் நீட்டி, கால்களை நீந்துவதுபோல் உதைத்து, உடலைக் கிடைமட்டமாக்கி மேலே நழுவி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக்கூடாது. உருண்டே விலக வேண்டும். நிற்பவரின் எடை முழுவதும் இரு பாதங்களின் சிறு பரப்பில் இறங்கும். படுத்தால் அது பெரும் பரப்பில் பரவும்.

காப்பாற்ற வருபவர் ஓடிச் சென்று கை கொடுக்கக்கூடாது. அவரும் விழுவார். தொலைவிலிருந்தே கழியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும்.

நம் கண்மாய்க்கும் இதே பாடம்

மதுரைச் சுற்றுப்புறக் கண்மாய்களில் பனிக்கட்டி இல்லை. ஆனால் மண் அள்ளிய பள்ளங்கள் உண்டு. மழைக்காலத்தில் நீர் நிறைந்ததும் மேற்பரப்பு எங்கும் ஒன்றுபோலவே தெரியும். முழங்கால் அளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இறங்கிவிடலாம். மேற்பரப்பைப் பார்த்து அடியை முடிவு செய்யாதீர்கள். பழக்கமில்லாத நீரில் இறங்காதீர்கள்.

யாரேனும் தத்தளித்தால், காப்பாற்ற எண்ணிக் குதிக்காதீர்கள். மூழ்குபவர் கையில் சிக்கியதை இறுகப் பற்றிக்கொள்வார். இருவரும் மூழ்க நேரும். கூச்சலிட்டு ஆட்களைக் கூட்டுங்கள். கரையில் படுத்துக்கொண்டு கழியையோ, வேட்டியையோ, சேலையையோ நீட்டுங்கள். மூடியுள்ள காலிப் பிளாஸ்டிக் கேன் இருந்தால் இறுக மூடி வீசுங்கள். அதற்குள் இருக்கும் காற்று ஓர் ஆளை மிதக்கவைக்க உதவும். 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள்.

தால் ஏரியானாலும் வண்டியூர்க் கண்மாயானாலும் விதி ஒன்றே: நீரில் இருப்பவரிடம் முதலில் கயிறு போகட்டும், நீங்கள் கரையிலேயே இருங்கள்.