கோட்டோரம் நிற்கும் கோச்சுக்கு

த்ரோ-இன் எறியும்போதும் "ஆஃப்சைட், ரெஃப்ரி!" என்று தொண்டை கிழியக் கத்தும் கோச்சை எந்த மைதானத்திலும் பார்க்கலாம். ஆடிய காலத்தில் காதில் விழுந்ததையே சட்டம் என்று நம்பி, புத்தகத்தைத் திறக்காமலே கோச் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

செய்யக்கூடாதவை

• த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றுக்கும் ஆஃப்சைட் கேட்காதீர்கள். அவற்றிலிருந்து பந்து நேராக வந்தால் ஆஃப்சைடே கிடையாது. உங்கள் சத்தத்தை ரெஃப்ரி பொருட்படுத்த மாட்டார். உங்கள் டிஃபெண்டர் நம்பிவிடுவான். கையைத் தூக்கிக்கொண்டு அவன் நிற்கிற இரண்டு நொடி போதும், கோல் விழ.

• கோட்டுக்கு வெளியே கிடப்பவனை மறந்துவிடாதீர்கள். 2008 யூரோ கோப்பை, பெர்ன் நகரம், நெதர்லாந்தும் இத்தாலியும். தன் கீப்பர் பஃபோனோடு மோதிய பனுச்சி, கோல் கோட்டுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறார். ஸ்னைடர் அடித்த பந்தை வான் நிஸ்டெல்ரூய் வலைக்குள் திருப்பிவிடுகிறார். ஆஃப்சைட் என்று இத்தாலி கொதித்தது. கோல் செல்லும் என்றார் ரெஃப்ரி. அவர் சொன்னதுதான் சரி: ரெஃப்ரி அனுமதியில்லாமல் வெளியே போன டிஃபெண்டர், கோல் கோட்டின் மேலேயே நிற்பதாகக் கணக்கு. இல்லாவிட்டால் ஒரு எட்டு வெளியே வைத்து, எந்தக் கில்லாடியும் எதிராளியை ஆஃப்சைடில் மாட்டிவிடுவானே! இத்தாலி 0-3 என்று தோற்றது.

• பழைய சட்டத்தைப் பயிற்சியில் ஊட்டாதீர்கள். 2019 முதல் கோல் கிக் பெனால்டி பாக்ஸைத் தாண்ட வேண்டியதில்லை. உதைத்த பந்து நகர்ந்ததுமே ஆட்டம்தான். கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்க 2025-26 பருவத்திலிருந்து எட்டு நொடி. மீறினால் எதிரணிக்கு கார்னர். (முன்பு ஆறு நொடி, தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அதை எண்ணிய ரெஃப்ரியை நான் பார்த்ததே அபூர்வம்.)

செய்ய வேண்டியவை

• பெஞ்சை அடக்கி வையுங்கள். 2019 முதல் மஞ்சளும் சிவப்பும் கோச்சுகளுக்கும் உண்டு. வாய்விட்டது யாரென்று தெரியாவிட்டால், டெக்னிக்கல் ஏரியாவில் இருக்கும் மூத்த கோச்சின் பெயரில் அட்டை. பிசியோ திட்டினாலும் பழி உங்களுக்கு.

• சட்டப் புத்தகத்தோடு, அந்தந்தப் போட்டியின் விதிமுறைத் தாளையும் வரி விடாமல் படியுங்கள். ஆஃப்சைட் தெரியாவிட்டால் ஒரு கோல் போகும். இது தெரியாவிட்டால் கோப்பையே போகும். 2021 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்றில், நான்காம் நிலை லீக்கில் ஆடிய முன்ஸ்டர் அணியை வொல்ஃப்ஸ்பர்க் எக்ஸ்ட்ரா டைமில் 3-1 என்று வென்றது. எக்ஸ்ட்ரா டைமுக்கு ஆறாவது மாற்று ஆட்டக்காரரை விடும் போட்டிகள் உண்டு. இந்தக் கோப்பையில் ஐந்தோடு சரி. கோச் மார்க் வான் பொம்மல் ஆறாவது ஆளை இறக்கிவிட்டார். ஆட்டம் 2-0 என்று முன்ஸ்டருக்கே போனது. 1992-இல் ஸ்டுட்கார்ட் கோச் கிறிஸ்டோஃப் டவுமும் லீட்ஸுக்கு எதிராக வெளிநாட்டு வீரர் கணக்கில் இதே மாதிரி சறுக்கினார்: மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. மறு ஆட்டம் வைத்தார்கள், அதிலும் தோல்வி.

• த்ரோ-இன்னைப் பற்றிக் கீப்பரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தன் அணிக்காரன் எறிந்தது நேராக வந்தால் அவன் கையால் தொடக்கூடாது. காலால்தான் வாங்க வேண்டும். 2002-இல் பர்மிங்காம் மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவின் மெல்பெர்க் அப்படித்தான் கீப்பர் எங்கெல்மனுக்கு எறிந்தார். பந்து அவர் ஷூவுக்கு அடியில் நழுவி வலைக்குள் உருண்டது. தொட்டாரா இல்லையா என்பதுதான் கேள்வி. தொட்டார் என்று முடிவு செய்து ரெஃப்ரி கோல் கொடுத்தார். தொடாமல் போயிருந்தால் வெறும் கார்னர். ஆகவே உங்கள் பையனிடம் சொல்லி வையுங்கள்: பந்து கோலை நோக்கித் தப்பி ஓடுகிறதா, காலை எடுத்துவிடு.